கார் ஷெட் பிளக் பாயின்ட்டில் தகராறா? எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது

திருச்சிப் பக்கம் 20 வருஷத்துக்கு மேலாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து வரும் புகாரைவிட கார் ஷெட்டிலிருந்து வருவதுதான் அதிகம். வீடு கட்டும்போது ஷெட்டுக்கு ஒரு டியூப் லைட், ஒரு 6 ஆம்பியர் பிளக், அவ்வளவுதான் கொடுத்திருப்பார்கள். அப்புறம் வாஷிங் மெஷின் அங்கே போகும். பழைய பிரிட்ஜ் போகும். கார் கழுவ பிரஷர் வாஷர், காற்றடிக்க கம்ப்ரசர், கடைசியாக எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். "ஒரு பவர் பாயின்ட் போட்டுக் குடுப்பா" என்றதும், வந்த ஆள் பக்கத்து லைட் பாயின்ட்டிலிருந்தே லைன் தட்டி, 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டிவிட்டுக் காசு வாங்கிப் போயிருப்பார். முகப்பில்தான் 16. உள்ளே வருவது லைட்டுக்குப் போட்ட 1 சதுர மி.மீ. ஒயர். கீழே சொல்லும் தகராறுகளைத் துரத்திக்கொண்டு போனால் முக்கால்வாசி இங்கேதான் வந்து நிற்கும்.

எதையாவது கழற்றுவதற்கு முன் மெயினை இறக்குங்கள். சாக்கெட் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்காதீர்கள். சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கிற வீடுகள் நிறைய. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். ஷெட் லைட் இன்வெர்ட்டர் லைனில் இருந்து, அதிலிருந்து சாக்கெட்டும் எடுத்திருந்தால், மெயினை இறக்கிய பிறகும் அங்கே 230 வோல்ட் இருக்கும். டெஸ்டரை மெயின் இறக்குவதற்கு முன்பே கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, இறக்கிய பிறகு ஷெட்டில் வையுங்கள். காலில் செருப்பு. தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

## சுவிட்ச் போட்ட அடுத்த நொடியே எம்சிபி விழுகிறது

எம்சிபி என்பது கரண்ட் அதிகம் போனால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். ஷெட்டில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் உருவிவிட்டு அதைத் தூக்குங்கள்.

எதுவும் செருகாமலே விழுகிறது: ஒயரில் ஷார்ட். எலி கடித்திருக்கும், அல்லது சமீபத்தில் சுவரில் ஆணி, டிரில் ஏதாவது போட்டிருப்பீர்கள். திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்க வேண்டாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

செருகாதபோது நிற்கிறது: அதே மெஷினைச் சமையலறையிலோ ஏசிக்கோ இருக்கும் நல்ல 16 ஆம்பியர் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் மெஷினில்தான் கோளாறு. ஷெட்டை விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

அங்கே ஓடுகிறது, ஷெட்டில் மட்டும் விழுகிறது: எம்சிபி முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பி6, சி6, சி10 என்று இருந்தால் அது லைட் லைன். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல 5, 6 மடங்கு இழுக்கும். பி வகை எம்சிபி, முகப்பில் எழுதிய ஆம்பியரைப்போல 3 முதல் 5 மடங்கு போனாலே உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில்தான் அப்படி விழும்.

உடனே கடைக்குப் போய் சி16 வாங்கி மாட்டிவிடாதீர்கள். எம்சிபி காப்பது ஒயரைத்தான், மெஷினை இல்லை. உள்ளே 1 அல்லது 1.5 ஒயர் இருக்கும்போது 16 ஆம்பியர் எம்சிபி போட்டால், இனிமேல் எம்சிபி விழாது, சுவருக்குள் ஒயர் உருகும். 2.5 ஒயர் இருந்தால்தான் சி16.

கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மோட்டார் அணையும்போது "புஸ்" என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். பிரஷர் சுவிட்சுக்கு அடியிலுள்ள வால்வு, குழாயில் தேங்கிய காற்றை விடுகிற சத்தம் அது. அந்தச் சத்தம் வராவிட்டால் அடுத்த தடவை மோட்டார் காற்றழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப வேண்டியிருக்கும், எம்சிபி தெறிக்கும். டேங்க்கைக் காலி செய்துவிட்டுப் போட்டால் ஓடுகிறது என்றால் வால்வை மாற்றினால் போதும். இதற்காக ஒயரிங்கையே பிரித்துப் போட்ட ஒரு வீட்டில், கடைசியில் ஒரு சின்ன வால்வு மாற்றி வேலை முடிந்தது.

## பத்து, இருபது நிமிஷம் ஓடுகிறது, அப்புறம் விழுகிறது

இது ஓவர்லோடு. முதலில் கூட்டல் கணக்கு. 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380 வாட். 16 ஆம்பியர் என்றால் 3,680. பிரிட்ஜ் 150, பிரஷர் வாஷர் 1,800, முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் சுடுதண்ணீர் ஹீட்டரோடு 2,000. மூன்றும் ஒரே லைனில் ஓடினால் 3,950. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியும் ஓடி காரும் கழுவும்போது மட்டும் விழுகிறது என்பார்கள். காரணம் இதுதான். ஒன்று முடிந்து ஒன்று போட்டால் செலவே இல்லை.

கணக்கு சரியாக இருந்தும் விழுந்தால், எம்சிபிகள் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸுக்குப் போங்கள். எம்சிபியின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்து எம்சிபி சாதாரணமாக இருக்க இது மட்டும் கொதித்தால், அதில் ஒயர் மாட்டியிருக்கும் ஸ்க்ரூ லூசாகியிருக்கும். அந்தச் சூட்டிலேயே எம்சிபி விழும். மெயின் இறக்கி முறுக்கினால் சரியாகலாம். ஆனால் மெயின் சுவிட்சுக்கு மேலே மீட்டரிலிருந்து வரும் முனையில் எப்போதும் கரண்ட் இருக்கும். அது டிபிக்குள்ளேயே இருந்தால் நீங்கள் திறக்க வேண்டாம்.

ஸ்க்ரூவும் சரி என்றால் பழைய எம்சிபி தளர்ந்திருக்கலாம், மாற்றிப் பாருங்கள். அதற்கும் மேல் போனால் தனி லைன்தான்.

## பிளக் சுடுகிறது, கருகல் வாசனை வருகிறது

இதில் மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" கூடாது. ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் வீடு. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்று இரண்டு நாளாகத் தேடியிருக்கிறார்கள். "மீன் கருகின வாடை தம்பி, துணி போடறப்போ மட்டும் வருது" என்றார் அந்த அம்மா. துணி போடும்போது மட்டும் நாறுகிற எலி ஏது? மெயினை இறக்கிவிட்டுப் பிளக்கை இழுத்தால் வரவில்லை. சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முகப்பைக் கழற்றினால் ஃபேஸ் ஒயரின் செம்புக் கம்பி நிறம் மாறி, இன்சுலேஷன் இரண்டு அங்குலத்துக்கு மொறுமொறுவென்று உதிர்ந்தது. ஏழு இழை இருக்கும் ஒயரில் மூன்று இழைதான் ஸ்க்ரூவுக்குள் போயிருந்தது. மீதி நாலை மாட்டின ஆள் நறுக்கிவிட்டார், ஓட்டைக்குள் நுழையவில்லை என்று.

எம்சிபி ஏன் விழவில்லை என்று வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்விதான். லூஸ் காண்டாக்ட்டில் கரண்ட் அதிகம் போவதில்லை, போகிற கரண்ட் அந்த ஒரு இடத்தைச் சுட வைக்கிறது. எம்சிபிக்கு அது தெரியாது. அதோடு 16 ஆம்பியர் எம்சிபி, 23 ஆம்பியர் போனால்கூட விழ ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம்.

பார்க்கும் வரிசை இது:

முதலில், நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ கன்வெர்ஷன் பிளக்கோ இருக்கிறதா? 16 ஆம்பியர் பின்னை 6 ஆம்பியர் ஓட்டையில் நுழைக்க அந்தச் சின்னச் சதுரப் பெட்டியை வாங்குகிறார்கள். அதைத் தூக்கிப் போடுங்கள். ஹீட்டர், மோட்டார், சார்ஜர் எதற்கும் அது ஆகாது.

இரண்டாவது, பிளக் டாப். பிரித்துப் பார்க்கக்கூடியதாக இருந்தால் உள்ளே ஸ்க்ரூவை முறுக்குங்கள். பின் கறுத்திருந்தால் பிளக் டாப், சாக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால், கருகிய பழசு புதுசையும் சீக்கிரமே கருக்கிவிடும்.

மூன்றாவது, சாக்கெட்டின் பிடிப்பு. பிளக்கைச் செருகி லேசாக ஆட்டினால் தொளதொளவென்று ஆடுகிறதா, எடைக்கே சரிகிறதா? சாக்கெட்டை மாற்றுங்கள்.

நான்காவது, சாக்கெட்டுக்குப் பின்னால் ஒயர். கருகிய பகுதியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு மாட்ட நீளம் மிச்சம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் முறுக்கி, டேப் சுற்றி நீட்டாதீர்கள். கம்பியைச் சுரண்டும்போது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். பவர் லைனுக்கு அதை வைத்துக்கொள்ளக் கூடாது. முழு ஒயரும் மாற வேண்டும்.

சாக்கெட் சில்லென்று இருக்கிறது, வாசனை மட்டும் வருகிறது என்றால் ஜங்ஷன் பாக்ஸில் எங்கேயோ டேப் சுற்றிய இணைப்பு வெந்துகொண்டிருக்கிறது. அந்த லைனின் எம்சிபியை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## மெஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது

லேசாகச் சுருக்கென்கிறது, வெறுங்காலில் நின்றால் மட்டும்: பெரும்பாலும் எர்த் வரவில்லை. இன்றைய மெஷின்களுக்குள் இருக்கும் ஃபில்டர், எர்த் இல்லாதபோது மெஷினின் உடம்பில் கொஞ்சம் கரண்ட்டைத் தள்ளும். முதலில் பிளக்கைப் பாருங்கள். எர்த் பின் உடைந்திருக்கிறதா, யாராவது டூ-பின் போட்டிருக்கிறார்களா? அடுத்து சாக்கெட். மூன்று ஓட்டை இருக்கும். முகப்பைக் கழற்றினால் மேல் ஓட்டைக்குப் பச்சை ஒயரே வந்திருக்காது. லைட் பாயின்ட்டிலிருந்து தட்டிய லைனில் இது சகஜம், லைட்டுக்குத்தான் அந்தக் காலத்தில் எர்த் இழுக்கவில்லையே.

பலமாக அடிக்கிறது: தொடவே வேண்டாம். மெயினை இறக்கிவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். மெஷினுக்குள் இன்சுலேஷன் போயிருக்கிறது, எர்த்தும் இல்லை. இரண்டும் சரியாகும்வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

எர்த் இல்லாத சாக்கெட்டில் சில பேர் செய்யும் வேலை ஒன்று உண்டு. நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் ஓட்டைக்கு லூப் செய்துவிடுவார்கள். சுருக்கென்பது நின்றுவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். என்றைக்காவது அந்த நியூட்ரல் விட்டுப்போனால், செருகியிருக்கும் மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட். முகப்பைக் கழற்றும்போது அப்படி ஒரு துண்டைப் பார்த்தால், அந்தச் சாக்கெட்டை அதோடு நிறுத்திவிடுங்கள்.

பச்சை ஒயர் இருந்தும் சுருக்கென்றால் எர்த் குழியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் கரியும் உப்பும் போட்ட பழைய குழி காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கும். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி அடுத்த நாள் பாருங்கள். பைப்பில் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு மேல் எர்த் டெஸ்டர் வைத்து அளக்க வேண்டும். எங்கள் வேலையில் 5 ஓமுக்குள் வந்தால்தான் திருப்தி. 100 வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டுப் பார்க்கும் பழைய முறையை வீட்டிலேயே செய்ய வேண்டாம். எர்த் மோசமாக இருந்தால் அந்த நேரத்தில் வீட்டிலுள்ள எல்லா மெஷின் உடம்பிலும் கரண்ட் ஏறும்.

## எம்சிபி நிற்கிறது, ஆர்சிசிபி விழுகிறது

ஆர்சிசிபி என்பது கரண்ட் வெளியே கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். சிலர் இதை இன்னும் ஈஎல்சிபி என்பார்கள். டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும்படி வைத்திருப்பது ஆள் உயிருக்காக. அதனால் "சும்மா விழுந்துட்டே இருக்கு, எடுத்துடுப்பா" என்று கேட்டால் நான் எடுப்பதில்லை.

குறிப்பிட்ட ஒரு மெஷினில் மட்டும் விழுகிறது: வாஷிங் மெஷின் என்றால் சூடாக்கும் கட்டத்தில் விழுகிறதா பாருங்கள். ஹீட்டர் ஓட்டை. சுடுதண்ணீர் வேண்டாமென்று பச்சைத் தண்ணீர் புரோகிராமில் போட்டால் ஓடும், ஆனால் அது ஹீட்டர் வந்து சேரும் வரைக்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால், கார் கழுவினால் விழுகிறது: ஈரம். வெளிப்புறச் சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே எறும்பு மண்ணும் தண்ணீர்க் கோடும் தெரியும். பைப் மேலிருந்து பாக்ஸுக்குள் நேராக இறங்கினால், மொட்டைமாடித் தண்ணீர் பைப் வழியாக நேரே சாக்கெட்டுக்குத்தான் வரும். காயவைத்து, மூடி போட்ட சாக்கெட் மாட்டி, பைப்பைக் கீழிருந்து நுழைய வையுங்கள். சிலிக்கான் பூசுவதானால் மேலேயும் பக்கங்களிலும் மட்டும். கீழேயும் அடைத்தால் புகுந்த தண்ணீர் வெளியேற வழி இல்லை.

எதைச் செருகினாலும், ஒரு சின்ன பல்பானாலும் விழுகிறது. வெறுமனே இருந்தால் விழவில்லை: நியூட்ரல் கலந்திருக்கிறது. புதுச் சாக்கெட் போட்ட அன்றைக்கே ஆரம்பித்த தகராறு என்றால் சந்தேகமே வேண்டாம். ஃபேஸை டிபியிலிருந்து கொண்டுவந்துவிட்டு, நியூட்ரலைப் பக்கத்திலிருந்த இன்வெர்ட்டர் லைட் பாயின்ட்டில் எடுத்திருப்பார்கள். போன கரண்ட் ஆர்சிசிபி வழியாகத் திரும்பாவிட்டால் அது கசிவு என்றுதான் நினைக்கும். சாக்கெட் மாட்டின ஆளையே கூப்பிட்டு, நியூட்ரலை எங்கே எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

எல்லா எம்சிபியையும் இறக்கியும் நிற்கவில்லை: நியூட்ரலும் எர்த்தும் எங்கேயோ தொடுகின்றன. வீட்டு எம்சிபிகள் ஃபேஸை மட்டும் துண்டிப்பதால் இறக்கியும் பயனில்லை. நியூட்ரலை ஒவ்வொன்றாகக் கழற்றி, இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரை நாள் வேலை ஆகும். எலெக்ட்ரீஷியனுக்கு விட்டுவிடுங்கள்.

## மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை, லைட் மங்குகிறது

பிளக்கில் செருகிப் படிக்கும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் ஓடாதபோது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை படியுங்கள். அதே நேரத்தில் டிபிக்கு அருகிலுள்ள பிளக்கிலும்.

இரண்டு இடத்திலும் குறைந்தால் வெளியிலிருந்தே லோ வோல்டேஜ். ஷெட்டில் மட்டும் குறைந்தால் ஒயர் மெலிது, அல்லது வழியில் லூஸ் இணைப்பு. 30 மீட்டர் தள்ளியிருக்கும் ஷெட்டில் 12 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை 1 சதுர மி.மீ. ஒயரில் ஓட்டினால் வழியிலேயே ஏறக்குறைய 16 வோல்ட் போய்விடும். கிளம்பும் நேரத்தில் 5 மடங்கு இழுக்கும்போது 80 வோல்ட் வரை விழும். 150 வோல்ட்டை வைத்துக்கொண்டு மோட்டார் உறுமத்தான் முடியும். அதே தூரத்தில் 4 ஒயர் போட்டால் ஓடும்போது 4 வோல்ட்தான் குறையும். ஸ்டெபிலைசர் வாங்கி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள், அந்தக் காசு ஒயருக்குப் போகட்டும். 10 விநாடிக்கு மேல் உறுமினால் அணைத்துவிடுங்கள், மோட்டார் காயில் எரிந்துவிடும்.

சில அறையில் லைட் மங்குகிறது, சில அறையில் பளிச்சென்று எரிகிறது: மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுக்கொண்டிருக்கிறது. உடனே மெயினை இறக்குங்கள், அடுத்த ஐந்து நிமிஷத்தில் டிவியும் பிரிட்ஜும் போய்விடும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. கம்பத்தில் ஏறுவது, மீட்டர் சீலைத் தொடுவது எல்லாம் அவர்கள் வேலை.

## கரண்டே வரவில்லை

எம்சிபி, சுவிட்ச், சாக்கெட் ஸ்க்ரூ, இந்த வரிசையில் பாருங்கள். டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது, மெஷின் மட்டும் ஓடவில்லை என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது என்று பயப்படுவார்கள். செருகியிருக்கும் ஏதோ ஒரு மெஷின் வழியாக ஃபேஸ் அந்தப் பக்கம் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நியூட்ரல் கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

## ஸ்கூட்டர் சார்ஜ் ஏறவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால் எர்த் இல்லை என்று அது சொல்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். சில சார்ஜர்கள் எர்த் இல்லாவிட்டால் ஆரம்பிக்கவே மாட்டா. நடுராத்திரி நின்றால் வோல்டேஜ் கூடியோ குறைந்தோ இருக்கும். ஸ்கூட்டர் சார்ஜர்கள் பெரும்பாலும் 1,000 வாட்டுக்குள் என்பதால் லோடு பிரச்சினை குறைவு. மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடுவதால் லூஸ் காண்டாக்ட் இருந்தால் இங்கேதான் முதலில் வெளிப்படும். முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.

கார் வேறு கணக்கு. 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் ராத்திரி முழுக்க இழுக்கும். பழைய பாயின்ட்டில் செருகவே கூடாது. 4 ஒயரில் தனி லைன், 20 ஆம்பியர் எம்சிபி, ஏ டைப் ஆர்சிசிபி, இன்டஸ்ட்ரியல் சாக்கெட். வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்றும் கேட்டு, போதாவிட்டால் மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

## தனி லைன் இழுப்பது என்று முடிவானால்

ஒயர்மேன் சான்றிதழ் உள்ள ஆளிடம் கொடுங்கள். கேட்க வேண்டியவை: டிபியிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. ஃபேஸ், அதே டிபியின் நியூட்ரல், பச்சை எர்த், மூன்றும் ஒரே பைப்பில். 20 மீட்டருக்கு மேல் போனால் 4. சி16 எம்சிபி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. வழியில் எங்கேயும் இணைப்பு இருக்கக் கூடாது.

சாக்கெட் உயரம் 4 அடி. தரையோடு வைக்காததற்கு இரண்டு காரணம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தாழ்வாகத்தான் கிடக்கும். பிளக் உருவும்போது வரும் பொறி அங்கே இருக்கக் கூடாது. இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள கார் நிறுத்தங்கள் மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் நிற்கிற தெரு என்றால், போன தடவை சுவரில் விழுந்த கறைக் கோட்டை ஒயர்மேனிடம் காட்டி, அதற்கு மேலே இரண்டடி ஏற்றி வைக்கச் சொல்லுங்கள்.

வாஷிங் மெஷினுக்கு நேர் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில் வையுங்கள். சுட்டால் கை எட்ட வேண்டும். குழாய்க்கு நேர் கீழேயும் வேண்டாம். வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன் அவர் எதிரிலேயே ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். அப்புறம் ஒரு இஸ்திரிப் பெட்டியைச் செருகி அரை மணி நேரம் விட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.